வடக்கு எந்தப் பக்கம்

விமானத்திலிருந்து எடுத்த படங்களைப் பார்த்து வரைபடம் கீறுவதற்கு முதலில் வேண்டியது இரண்டு கண். எனக்கும் இரண்டு இருந்தன. அவை ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தன என்பது மெல்பேர்னுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

எழுபதுகளில் அந்த நாடு எங்களைப் போன்ற நிறத்தவருக்கும் கதவைத் திறந்தபோது நானும் மனைவியும் வந்து இறங்கினோம். கொழும்பில் நில அளவைக் கந்தோரில் படம் கீறுபவனாக இருந்தவன் நான். அந்த அனுபவம் இங்கே செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். ஆகவே வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளியிருந்த, கார்களுக்கு ரயர் செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தேன். ரப்பர் நாற்றம் தோலுக்குள் போய்விடும். வேலை முடிந்து வந்தால் குளிக்காமல் என்னைக் குசினிக்குள் விடமாட்டாள் மனைவி. குளித்த பிறகும் கொஞ்சம் தள்ளித்தான் நிற்பாள்.

பிறகு எப்படியோ நகரத்தில் ஒரு வரைபடக் கந்தோரில் தற்காலிக வேலை கிடைத்தது. ஒரே ஒரு நிபந்தனை. வருட முடிவுக்குள், தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றில் மாலை வகுப்புக்குப் போய், விமானப் படங்களிலிருந்து வரைபடம் செய்யும் அடிப்படையைப் படித்துச் சித்தியடைய வேண்டும். இல்லாவிட்டால் வேலை இல்லை. கந்தோர்த் தலைவர் இதைத் தேநீரில் பிஸ்கற்றைத் தோய்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு இனிமையாகச் சொன்னதால், என்னைப் பாராட்டினாரா பயமுறுத்தினாரா என்று தெரியாமலே வெளியே வந்தேன். வீட்டில் சொன்னபோது மனைவிக்கு உடனே விளங்கிவிட்டது.

“அப்ப பெயிலானால் திரும்ப ரயருக்கோ?”

“ஓம்.”

“பெயிலாகாதேங்கோ,” என்றாள்.

அப்போது மெல்பேர்னில் தமிழர்கள் மிகக் கொஞ்சப் பேர். எங்களுக்கெல்லாம் மூத்தவர் ஒரு கணக்காளர். எல்லோருக்கும் அவர் அண்ணை. வேலை, வீடு, பிள்ளைக்கு வயிற்றுவலி என்று எதற்கும் அவரிடம் ஒரு புத்திமதி தயாராக இருக்கும். எங்கள் சனத்துக்கு உலகத்தில் தொழில்கள் மூன்று: டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். நான் வரைபடம் படிக்கப் போகிறேன் என்றதும் அண்ணை என்னை இழவு வீட்டுக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“வரைபடமோ? ஊர் உலகமெல்லாம் எப்பவோ கீறி முடிச்சிட்டாங்களே, தம்பி. இன்னும் என்ன கிடக்குக் கீற?”

ஆனால் ஒரு விஷயத்தில் அந்த அண்ணைக்கும் நான் தேவைப்பட்டேன். வடக்கே தலை வைத்துப் படுக்கக் கூடாது. டொக்டரானாலும் எஞ்சினியரானாலும் புது வீட்டுக்கு வந்தால் முதலில் கட்டில் போட வேண்டும். கட்டில் போட வடக்குத் தெரிய வேண்டும். யாரிடமும் திசைகாட்டி இல்லை. வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டுக்காரனிடம் போய், படுக்க வேண்டும், வடக்கு எங்கே என்று கேட்கவும் வெட்கம். “அவர் மேப் வேலைக்காரன்தானே, கூப்பிடுங்கோ,” என்பார்கள். நான் போவேன். தலை நிமிர்ந்து நடக்கக் கிடைத்த சந்தர்ப்பங்கள் அவைதான்.

இந்தப் பதவிக்கு வித்திட்டது எங்கள் சொந்தக் கட்டில். வாடகை வீட்டுக்குக் குடிவந்த அன்று நண்பகல். படுக்கையறை யன்னலால் வெயில் உள்ளே விழுந்து கிடந்தது.

“இஞ்சருங்கோ, வடக்கு எந்தப் பக்கம்?” என்று கேட்டாள் மனைவி.

எங்கள் ஊரில் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு மேலே நிற்கும். நிழல் காலடிக்குள் சுருண்டுவிடும். அது எந்தப் பக்கம் சாய்கிறது என்று நான் ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை. ஆனால் கொழும்பில் பரீட்சைக்காக ஒரு புத்தகத்தை வரிக்கு வரி பாடமாக்கியிருந்தேன். நண்பகலில் சூரியன் தெற்கே நிற்கும், நிழல் வடக்கே விழும் என்று அதில் இருந்தது. இங்கிலாந்துக்காரர் ஒருவர் இங்கிலாந்தில் இருந்து எழுதிய புத்தகம். கையை நீட்டிக் காட்டினேன். வெயில் வந்த பக்கம் தெற்கு. அந்தப் பக்கம் தலை வைத்துக் கட்டிலைப் போட்டோம். யன்னலுக்கு வெளியே நேரே ரயர் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது.

“தெற்கு எமன்ரை திசை. தொழிற்சாலை அங்கை இருக்கிறது பொருத்தம்தான்,” என்றேன். அவளும் சிரித்தாள்.

சில வாரம் கழித்துத் தோசை சுட்டுக்கொண்டிருந்தவள் திரும்பாமலே ஒன்று கேட்டாள்.

“காலமை வெயில் குசினி யன்னலாலை வருது. நீங்கள் அந்தப் பக்கத்தை மேற்கு எண்டெல்லோ சொன்னனீங்கள்?”

“அது பக்கத்து வீட்டுத் தகரக் கூரையிலை பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்,” என்றேன்.

அவள் ஊரில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவள். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் தோசையைப் புரட்டினாள். வேறு வீடுகளில் இதே சந்தேகம் கிளம்பியபோது இன்னும் பெரிதாக ஒன்றை எடுத்துவிட்டேன். “பூமத்திய ரேகைக்குக் கீழை வந்திட்டமெல்லோ. இஞ்சை எல்லாம் தலைகீழ்.” மார்கழியில் வேர்த்து ஆனியில் விறைக்கிற நாட்டில் இதை யார் மறுப்பது? படித்த மனிதர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.

மாலை வகுப்பு தொடங்கியது. ஆசிரியர் அரைக் காற்சட்டை போட்டு, முழங்கால் வரை காலுறை இழுத்துவிட்டிருந்த பெரிய மனிதர். அந்தக் காலத்தில் அங்கே அது மரியாதையான உடுப்பு. தன்னைச் சேர் என்று கூப்பிட வேண்டாம் என்று முதல் நாளே சொன்னார். யெஸ் சேர் என்றேன்.

வித்தை இதுதான். விமானம் பறந்துகொண்டே போகும்போது ஒரே நிலத்தைச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு தரம் படம் எடுக்கும். அந்த இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மேலே மெல்லிய கால்களில் நிற்கும் இரட்டைக் கண்ணாடியால் பார்க்க வேண்டும். இடது கண் இடது படத்தை, வலது கண் வலது படத்தை. மூளை இரண்டையும் ஒன்றாக்கும்போது தட்டையாகக் கிடந்த நிலம் எழுந்து நிற்கும். மலை மலையாகவும் பள்ளம் பள்ளமாகவும் தெரியும். அதைப் பார்த்து உயரக் கோடுகளைக் கீற வேண்டும்.

முதல் நாள் வெரிபீப் பக்கத்துத் தோட்டவெளிகளின் படத்தைத் தந்தார். ஒவ்வொருவராகக் குனிந்து பார்த்து ஆகா என்றார்கள். எனக்குத் தெரிந்தது இரண்டு தட்டைப் படமும் கொஞ்சம் தலையிடியும்தான்.

“தெரிகிறதா?” என்று கேட்டார் ஆசிரியர்.

“யெஸ் சேர்.”

படிப்பிக்கிறவர் ‘விளங்குதோ’ என்று கேட்டால் எங்களுக்கு இருப்பது ஒரே ஒரு விடை. வேறு விடை சொன்ன ஒருவனையும் நான் பள்ளிக்கூடக் காலத்தில் கண்டதில்லை. நல்ல காலம், வெரிபீ கோப்பை கவிழ்த்தாலும் தண்ணீர் ஓடாத சமதரை. எழுந்து நிற்க அங்கே ஒன்றுமே இல்லாததால் அன்று தப்பினேன்.

அடுத்த வாரம் டண்டினோங் மலைப் படம் வந்தது. அதற்கும் யெஸ் சேர். அதற்கடுத்த வாரமும் யெஸ் சேர். பக்கத்தில் இருந்தவர்கள் மலையைக் கண்டு கோடு கீறினார்கள். நான் அவர்கள் கீறுவதைக் கண்டு கீறினேன். வீட்டுக்குப் போகும்போது தொழிற்சாலைப் பக்கம் பார்க்காமல் நடப்பேன்.

கண்ணுக்குப் பயிற்சி ஒன்று இருந்தது. இரண்டு சுட்டுவிரல் நுனிகளையும் முகத்துக்கு நேரே கிட்டக் கிட்டப் பிடித்து, தூரத்தைப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் நடுவே ஒரு குட்டி விரல் அந்தரத்தில் மிதக்கும். அது மிதந்தால் கண்கள் வழிக்கு வருகின்றன என்று அர்த்தம். டிராமில் இருந்து பயிற்சி செய்தேன். பக்கத்தில் இருந்த அம்மையார் தன் பையைத் தூக்கிக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனார். வீட்டுக் கதிரையில் இருந்து செய்தபோது மனைவி கேட்டாள்.

“உங்களுக்கு என்ன செய்யுது?”

“படிக்கிறன்.”

“படிக்கிற முகம் இதில்லை,” என்று சொல்லிவிட்டுத் தானும் ஒருக்கால் விரலைப் பிடித்துப் பார்த்தாள். அவளுக்கு உடனே மிதந்தது. எனக்கு அது பெரிய எரிச்சலாக இருந்தது.

பிறகு ஒரு மாலை, வகுப்பில் நம்பிக்கை இல்லாமல் கண்ணாடிக்குள் குனிந்திருந்தபோது, எதுவும் சொல்லாமல் கொள்ளாமல் நிலம் எழுந்து வந்தது. என் வாய் தானாகத் திறந்தது. மரங்கள் மூக்கில் முட்டுவதுபோல நின்றன. வீட்டுக் கூரைகள் மிதந்தன. தொட்டுப் பார்க்கக் கையை விட்டேன். கண் கலங்கிப் படம் மறைந்தது. துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன். அப்படியே நின்றது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு அந்த நாட்டில் அதுவரை வந்ததில்லை.

அந்தச் சந்தோஷத்திலேயே உயரக் கோடுகளை இழைத்து இழைத்துக் கீறி, ஆற்றுக்கு நீலம் தீட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஆசிரியர் நெடுநேரம் பார்த்தார். குனிந்து காலுறையை இழுத்துவிட்டார்.

“கோடுகள் மிக அழகு. ஆனால் உன் ஆறு மலையின் முதுகு மேலே ஓடுகிறது.”

இடது பக்கப் படத்தை வலது பக்கமும், வலதை இடதுமாக வைத்துவிட்டேன். அப்படி வைத்தால் மலை பள்ளமாகும், பள்ளம் மலையாகும். பார்க்கிற கண்ணுக்கு ஒரு சந்தேகமும் வராது.

“உங்கள் ஊரில் தண்ணீர் மேலே ஏறுமோ?” என்று சிரிக்காமல் கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் கூடச் சிரித்தேன். மானம் கப்பலேறிக் கொழும்புக்கே போய்க்கொண்டிருந்தது.

இன்னொரு வகுப்பில் நிழலைப் பற்றிச் சொன்னார். படத்தின் ஓரத்தில் குறிப்பு எதுவும் இல்லாவிட்டால் நிழலைப் பார். நண்பகலில் இந்த நாட்டில் சூரியன் வடக்கே நிற்கும், நிழல் தெற்கே விழும். அழகாக எழுதிக்கொண்டேன். சிவப்பால் கீழே கோடும் போட்டேன். வீட்டுக்கு வந்து, வெயில் வருகிற யன்னல் பக்கம் வழக்கம்போலத் தலை வைத்துப் படுத்தேன். எழுதியது பரீட்சைக்கு, படுத்தது வீட்டில். இரண்டும் சந்திக்க வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை. அந்த வார இறுதியிலேயே புதிதாக வந்த பல் வைத்தியர் ஒருவருக்குக் கட்டில் போட்டுக் கொடுத்து, அங்கே வடையும் சாப்பிட்டு வந்தேன்.

பரீட்சை நாள் வந்தது. ஆளுக்கு இரண்டு படம். ஓரக் குறிப்புகளை எல்லாம் வெட்டி எடுத்திருந்தார்கள். குளிர்கால நண்பகலில் எடுத்தது என்று மட்டும் சொன்னார்கள். வீதி, ரயில் பாதை, ஓடை, உயரம் எல்லாம் கீறி, வடக்கு எது என்று அம்புக்குறியும் போட வேண்டும். இடது இடதுதானா, வலது வலதுதானா என்று குலதெய்வத்தைக் கும்பிட்டுவிட்டு மறுபடியும் மறுபடியும் சரிபார்த்துக் குனிந்தேன்.

முதலில் எழுந்து வந்தது ஒரு புகைபோக்கி.

அது என்னுடைய ரயர் தொழிற்சாலை. அந்தக் கூரைகளின் கீழேதான் நான் முன்பு வெந்துகொண்டிருந்தேன். இந்தப் பரீட்சையில் தவறினால் போய்ச் சேர வேண்டிய இடத்தையே பரீட்சையில் வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. மெதுவாகக் கண்ணை நகர்த்தினேன். ரயில் பாதை. மேட்டில் இருந்த கடை. இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. பின்வளவில் எலுமிச்சை மரமும் துணி காயப்போடும் சுற்றுக்கொடியும்கூடத் தெரிந்தன. பயம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. என் சொந்தத் தெருவைக் கீறச் சொல்கிறார்கள்! கை தன்பாட்டில் ஓடியது. ஓடையைப் பள்ளத்தில் ஓடவிட்டேன்.

கடைசியாக வடக்கு. அது எனக்கு மனப்பாடம். தொழிற்சாலை தெற்கே, எமதிசையில். எங்கள் தலைமாடு அந்தப் பக்கம். அதற்கு எதிர்ப்பக்கம் அம்புக்குறி போடப் பென்சிலை வைத்தபோது, புகைபோக்கியின் நிழலைக் கண்டேன். நீளமாக, கறுப்பாக, தொழிற்சாலையிலிருந்து எங்கள் தெருவை நோக்கிக் கிடந்தது.

நிழல் தெற்கே விழும். சிவப்புக் கோடு போட்டது நான்தான். அப்படியென்றால் எங்கள் தெரு தெற்கே. தொழிற்சாலை வடக்கே.

படத்தைச் சுற்றி வைத்துப் பார்த்தேன். நிழலும் கூடவே சுற்றியது. தலைகீழாக வைத்தேன். அதுவும் தலைகீழாக வந்து, எங்கள் வீட்டையே காட்டிக்கொண்டு கிடந்தது. தகரக் கூரை ஞாபகம் வந்தது. தோசையைப் புரட்டுமுன் அவள் பார்த்த பார்வை ஞாபகம் வந்தது. பிறகு அண்ணையின் கட்டில், பல் வைத்தியரின் கட்டில், புதிதாகக் கல்யாணம் முடித்த சோடியின் கட்டில் என்று வரிசையாக வந்தன. கிழக்கே பார்க்கட்டும் என்று நான் வைக்கச் சொன்ன சாமிப் படங்கள் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றன. மெல்பேர்ன் தமிழ்ச் சனம் முழுவதும் என் பேச்சைக் கேட்டு வடக்கே தலை வைத்து நிம்மதியாக உறங்கிக்கொண்டிருந்தது.

“பிரச்சினை ஏதும் உண்டா?” என்று ஆசிரியர் வந்து நின்றார்.

“நோ சேர்.”

கட்டிலின்படி அம்புக்குறி போட்டால் வேலை போகும். நிழலின்படி போட்டால் இத்தனை நாள் நான் நீட்டிய கை எல்லாம் பொய்யாகும். உடனே நேர்மையின் பக்கம் நின்றேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. பென்சிலைப் பிடித்தபடி முழித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் மூக்குக்குள் எங்கிருந்தோ ரப்பர் நாற்றம் வந்தது. தொழிற்சாலைப் பக்கம் அம்புக்குறியைப் போட்டுவிட்டு எழுந்தேன்.

சித்தியடைந்துவிட்டேன். ஆசிரியர் கைகுலுக்கி, இந்த முறை ஆறு கீழே ஓடியதாகச் சொன்னார். கந்தோர்த் தலைவர் இன்னொரு பிஸ்கற்றைத் தோய்த்துக்கொண்டே வேலையை நிரந்தரமாக்கினார்.

வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாக வந்து சொன்னேன். மனைவி அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே சாமிப் படத்துக்குக் கும்பிட்டாள். அழுதாள்.

“பாத்தீங்களே, தெற்காலை தலை வச்சுப் படுத்ததுக்குக் கைமேலை பலன்.”

அதற்குப் பிறகு மறைக்க என்னால் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அவள் அகப்பையை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அப்ப தகரக் கூரை?”

“அது வெறும் தகரக் கூரைதான்.”

அடுப்பை அணைத்தாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்: “ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ. அண்ணை வீடு வாங்கீட்டார். அந்தச் சோடிக்குப் பிள்ளை பிறந்திட்டுது. எல்லாரும் நல்லா இருக்கினம். ஏன் குழப்புவான்?” எங்கள் கட்டிலைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை. அது கிடந்தபடியே கிடந்தது.

அந்த வாரமே அண்ணையிடமிருந்து டெலிபோன் வந்தது. கொழும்பிலிருந்து புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து கட்டில் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். “இப்ப உம்மட்டைச் சேட்டிபிக்கற்றும் இருக்கு, தம்பி. இனி ஆரும் கேள்வி கேக்கேலாது,” என்றார்.

போனோம். சின்ன வீடு. அண்ணையும் இன்னும் சிலரும் எங்களுக்கு முன்பே வந்து கதிரைகளை நிரப்பியிருந்தார்கள். புதிதாக வந்தவர் கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தபடி, நான் வாய் திறக்கக் காத்து நின்றார். நண்பகல் வெயில் யன்னலால் விழுந்து கிடந்தது. மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் சொன்னபடி பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த மனிதருக்கும் கையை நீட்டிப் பொய் காட்ட எனக்கு மனம் வரவில்லை.

“வெயில் வாற பக்கம்தான் வடக்கு. தலையை மற்றப் பக்கம் வையுங்கோ,” என்றேன்.

அண்ணை கதிரையில் நிமிர்ந்தார். “என்ன, தம்பி? என்ரை வீட்டிலை வெயில் பக்கம் தெற்கு எண்டெல்லோ சொன்னனீர்?”

“அது பிழை, அண்ணை. எல்லார் வீட்டிலையும் பிழை. இஞ்சை மத்தியானத்திலை சூரியன் வடக்கை நிக்கும்.”

எல்லோரும் அண்ணையின் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு அண்ணை சிரிக்கத் தொடங்கினார். மற்றவர்களும் அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

“பாவம், படிச்சுப் படிச்சு மனுசனுக்குத் திசையே மாறிப்போச்சு. முந்தி எவ்வளவு வடிவாச் சொன்ன ஆள்!” என்றார். எழுந்து வந்து என் தோளில் ஆதரவாகத் தட்டினார். பிறகு புதியவரின் பக்கம் திரும்பி, கையை நீட்டி, நான் வழக்கமாக நீட்டுகிற அதே மாதிரி நீட்டி, “தம்பி, நாங்கள் பூமத்திய ரேகைக்குக் கீழை வந்திட்டம். இஞ்சை எல்லாம் தலைகீழ்,” என்று என் வசனத்தையே அவருக்கு விளங்கப்படுத்தினார். சொந்த வீடு வாங்கிய மனிதர் சொல்கிறார். புதியவர் என்னைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார், வெயில் பக்கம் தலை வரும்படி கட்டிலை இழுத்துப் போட்டார். எனக்கு வடை தந்தார்கள். அதன் பிறகு யாரும் என்னைக் கட்டில் போடக் கூப்பிடவில்லை.

திரும்பி வரும் ரயிலில் மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. சொல்ல வேண்டாம் என்று சொன்னதைச் சொல்லி, சபையில் சிரிப்பாய்ச் சிரிக்க வைத்துவிட்டேனே, கோபமாக இருப்பாள் என்று நானும் வாயைத் திறக்கவில்லை. அவள் யன்னலோரம் இருந்து, சாய்ந்துகொண்டிருந்த வெயிலையே பார்த்தபடி வந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் கைப்பையை ஆணியில் மாட்டினாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். நேரே படுக்கையறைக்குள் போய்த் தலையணைகளை எடுத்துக் கதிரையில் போட்டுவிட்டு, கட்டிலின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள்.

“பாத்துக்கொண்டு நிக்காமல் மற்றப் பக்கத்தைப் பிடியுங்கோ.”

பிடித்தேன். கட்டிலைத் திருப்பிப் போட்டு முடித்தபோது, தொழிற்சாலைப் புகைபோக்கி எங்கள் கால்மாட்டுக்குப் போயிருந்தது.